மருதூருக்கு எத்தனை கட்டம்

இருபத்தெட்டாவது கேள்விக்கு வந்துவிட்டேன், இதுதான் கடைசி, இதற்குப் பிறகு வினாத்தாளில் வெள்ளைதான். சுவரில் இருக்கிற கடிகாரத்தில் பதினொன்று இருபத்தைந்து. பன்னிரண்டுக்கு மணி அடிப்பார்கள், ஆக இன்னும் முப்பத்தைந்து நிமிஷம், பாஸ் மார்க்கும் முப்பத்தைந்துதான். எட்டாவது கணக்குப் பரீட்சையை முதல் தடவை எழுதினபோது இருபத்திரண்டு. போன வருஷம் முப்பத்தொன்று. நாலு மார்க்கில் போயிற்று, நாலு மார்க் என்றால் ஒரு கணக்கு, ஒரே ஒரு கணக்கு, அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் வேலைக்குப் பஸ்ஸில் போய்விட்டு வந்தேன். இப்போது எழுதினதையெல்லாம் திருப்பிப் பார்த்து, இது சத்தியமாகச் சரி என்று படுகிறதற்கு மட்டும் பென்சிலால் ஓரத்தில் புள்ளி வைத்துக் கூட்டினேன், முப்பது வருகிறது. மறுபடி கூட்டினேன், முப்பதுதான். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஐந்து. முதல் பிரிவுக்கு ஒன்று, அடுத்த இரண்டுக்கும் இரண்டிரண்டு. அவ்வளவும் வந்தால்தான் கரை. பெஞ்சு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிறது, முட்டி இடிக்கிறது, காலை நீட்டினால் முன்னால் இருக்கிற லாரிக்காரரின் முதுகில் படும், மடக்கினால் மரத்துப் போகிறது. முப்பத்தொன்பது வயதில் முட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும். சீனித்தாய், முட்டியை விடு, கேள்வியைப் பார்.

படத்தைத் தனித் தாளில் போட்டிருக்கிறார்கள், விடைத்தாளோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்க வேண்டும். பட்டை வரைபடம். நாலு கிராமங்களில் நடப்பட்ட மரக்கன்றுகள். கீழே ஊர்ப் பெயர்கள், வேப்பங்குளம், நத்தம்பட்டி, சின்னக்கோட்டை, புளியூர். ஒவ்வொரு ஊர் மேலேயும் ஒரு கறுப்புப் பட்டை நிற்கிறது. மேலே வலது மூலையில் பொடி எழுத்தில் அளவுத்திட்டம், ஒரு கட்டம் இருபது மரக்கன்றுகள். அந்தப் பொடி எழுத்தை முதல் தடவை நான் பார்க்கவே இல்லை. கட்டத்தை எண்ணி ஏழு மரம் என்று எழுதிவிட்டு, இவ்வளவு லேசாகக் கேட்டிருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். அப்புறம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், தடுப்பூசி போடுகிற அறையில் மாட்டியிருக்கிற அட்டைதான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது. ஒன்பது வருஷமாக அந்த அட்டையை ஈரத்துணியால் துடைக்கிறேன், ஊர் ஊராகப் பச்சைக் கலரில் பட்டை, துடைக்கிற பொருளாக இருந்ததே தவிர படிக்கிற பொருளாக இருந்ததில்லை. ஒருநாள் பார்க்கிறேன், எங்கள் ஊர்ப் பட்டை ஒரு கட்டத்தின் பாதியில் வெட்டினாற்போல நிற்கிறது. நர்ஸ் மெர்சி சிஸ்டரிடம் கேட்டேன். "என்ன சிஸ்டர், எங்க ஊர்ல மட்டும் அரைப் பிள்ளைக்கு ஊசி போட்டிருக்கு?" சிஸ்டர் வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள். "அரைப் பிள்ளை இல்ல சீனி, அஞ்சு பிள்ளை. ஒரு கட்டம்னா பத்து பிள்ளை. அப்ப அரைக் கட்டம்?" அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் மத்தியானம் தனியாக அந்த அறைக்குப் போய் அட்டைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு ஊராக எண்ணினேன். கட்டம் கட்டமாக அல்ல, பத்துப் பத்தாக. அந்தக் கட்டங்களுக்குள் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு துணியை அழுத்தித் துடைக்கவே கூச்சமாக இருந்தது.

சரி. எண்ணு. வேப்பங்குளம் ஏழு கட்டம், நூற்று நாற்பது. நத்தம்பட்டி நாலரை, எண்பதும் பத்தும் தொண்ணூறு. சின்னக்கோட்டை ஆறு, நூற்றிருபது. புளியூர் இரண்டரை, ஐம்பது. பட்டை பக்கத்திலேயே பென்சிலால் சின்னதாக எழுதி வைத்துக்கொண்டேன். முதல் பிரிவு, எந்தக் கிராமத்தில் மிக அதிகம், வேப்பங்குளம், அது பச்சைப் பிள்ளைக்குத் தெரியும், ஒரு மார்க், முப்பத்தொன்று. போன வருஷ மார்க் வந்துவிட்டது. இங்கேதான் போன வருஷம் நின்றேன், இந்த முப்பத்தொன்றில். நிற்காதே. இரண்டாவது பிரிவு, புளியூரை விட வேப்பங்குளத்தில் எத்தனை மரக்கன்றுகள் அதிகம். எழுதிவிட்டேன், நாலரை என்று எழுதிவிட்டேன், பேனா எடுத்த கையோடு பார்க்கிறேன், நாலரை மரக்கன்றா, அரைக் கன்றை யார் நடுவார்கள், மறுபடி அதே அரைப் பிள்ளை. பட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மீறி நிற்கிற உயரம் நாலரைக் கட்டம், அது சரிதான், ஆனால் கேட்டது கட்டம் இல்லை, கன்று. நாலரை இருபது தொண்ணூறு. நூற்று நாற்பதில் ஐம்பது போனாலும் தொண்ணூறு. இரண்டு வழியில் போனாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது என்றால் அது இடம்தான். நாலரையை ஒரே கோடாக அடித்துவிட்டுத் தொண்ணூறு என்று எழுதினேன். முப்பத்து மூன்று. உள்ளங்கை வேர்த்திருக்கிறது, சேலையில் துடைத்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு. மூன்றாவது பிரிவு. நத்தம்பட்டியில் நடப்பட்ட மரக்கன்றுகள் மருதூரில் நடப்பட்டவற்றை விட முப்பது அதிகம் எனில், மருதூரில் நடப்பட்ட மரக்கன்றுகள் எத்தனை, மருதூருக்கான பட்டையையும் வரைக. படத்தின் வலது பக்கத்தில் வெறும் இடம் விட்டிருக்கிறார்கள், கீழே மருதூர் என்று மட்டும் எழுதியிருக்கிறது, மேலே ஒன்றும் இல்லை. என் மகள் யாழினி ஒன்பதாவது படிக்கிறாள், அவள் சொல்லிக்கொடுத்த சூத்திரம் காதில் நிற்கிறது. "அம்மா, எத்தனை அதிகம்னு கேட்டா கழிச்சிரு. இத்தனை அதிகம்னு அவங்களே சொல்லிட்டா கூட்டிரு. கொறைவுன்னு சொன்னா கழிச்சிரு. ரொம்ப யோசிக்காத, யோசிச்சாத்தான் நீ தப்பு பண்றே." தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். இங்கே முப்பது அதிகம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், ஆகவே கூட்டு. தொண்ணூறும் முப்பதும் நூற்றிருபது. நூற்றிருபது என்றால் ஆறு கட்டம், மிச்சமில்லாமல் அழகாக ஆறு கட்டம், சின்னக்கோட்டைக்குச் சமமாக. அழகாக வந்தால் சரியாகத்தான் இருக்கும். ஸ்கேலை எடுத்து வெறும் இடத்தில் வைத்தேன். வைத்த கை வைத்தபடியே நிற்கிறது. என்ன என்று தெரியவில்லை. சோற்றில் கல் கடிபட்டால் எங்கே என்று தெரியாமல் வாய் நின்றுவிடுமே அப்படி. நத்தம்பட்டி அதிகம். நத்தம்பட்டியில் அதிகம். அதிகம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மருதூர் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அது மருதூருடையதா.

நிழல் விழுந்தது. மேற்பார்வைக்கு வந்திருக்கிற சார். கழுத்தில் விசில் கயிறு, காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ, இந்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டு வாத்தியார் என்று காலையில் லாரிக்காரர் சொன்னார். காலையிலிருந்து எல்லாரிடமும் நல்லபடியாகப் பேசுகிறார், தண்ணீர் வேண்டுமா, ஃபேனுக்குக் கீழே மாறி உட்காருகிறீர்களா என்று கேட்கிறார், எங்களைப் போல வயசானவர்கள் சின்ன பெஞ்சில் மடங்கி உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. குனிந்து என் தாளைப் பார்த்தார். வெறும் இடத்தில் ஸ்கேல் கிடக்கிறதைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "என்னம்மா, நின்னுட்டீங்க? அதிகம்னு போட்டிருக்கு பாருங்க. கூட்டிருங்கம்மா, அவ்வளவுதான்," என்றார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி சட்டென்று நிமிர்ந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ஷூ சத்தமே இல்லை. யாழினி சொன்னது, இவர் சொன்னது, இரண்டும் ஒன்றுதான். அப்புறம் என்ன. வாத்தியார் சொல்லிவிட்டார். எழுது. கூட்டி எழுது. பதினொன்று முப்பத்தெட்டு.

எழுதவில்லை. அடிக்கிற வாத்தியார் சொன்னதைக்கூட மனசுக்குள் மறுத்துவிடலாம், இரக்கப்பட்டுச் சொல்கிறவர் சொன்னதை எப்படி மறுப்பது. அஞ்சாம் வகுப்பில் இருந்த சார் அடிக்கிறவர். அவர் கணக்குச் சொன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு அவர் வாயைப் பார்ப்பேன், வாய் எதைச் சொல்லப்போகிறதோ அதை நானும் சொல்லுவேன், அப்படித்தான் அஞ்சாவது வரைக்கும் வந்தேன். அப்புறம் வாயைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று, அம்மா என்னைத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தங்கச்சி பாண்டீஸ்வரி அந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தாள், புதுப் பை, அதில் ஒரு மஞ்சள் வாத்து. "ரெண்டு பேரையும் அனுப்ப எனக்குத் தெம்பில்ல. அவளாவது படிக்கட்டும்," என்றாள் அம்மா. நான் அழவில்லை, வாத்துப் பையைக் கொண்டுபோய் அவள் தோளில் நானே மாட்டிவிட்டேன், மாட்டிவிட்டது ஞாபகம் இருக்கிறது, அழவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது. இப்போது அவள் தூத்துக்குடியில் தாலுகா ஆபீசில் கிளார்க். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் யாராவது ஒரு சித்தப்பாவோ மாமாவோ எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள், பாண்டி எங்கேயோ போயிட்டா, மூத்தவ ஆஸ்பத்திரில கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருக்கா. எங்களை அளக்கிறதற்கு அவர்களுக்கு எந்த ஸ்கேலும் வேண்டாம். பொங்கலுக்கு வந்தபோது அவளே கேட்டாள், "ஏன்க்கா, இன்னொரு தடவை எழுதணுமா?" எட்டாவது பாஸானால்தான் ஆஸ்பத்திரி வேலையை நிரந்தரமாக்க என் பெயரை அனுப்ப முடியும், எங்கள் டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள், இந்த வருஷம் தாண்டினால் வயசு வரம்பும் தாண்டிவிடும், அதைத்தான் சொன்னேன். "திரும்பவும் வராமப் போச்சுன்னா எனக்குத்தான்க்கா கஷ்டமா இருக்கும்," என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "உனக்கென்னடி கஷ்டம்? உன் ஆபீஸ்ல அக்கா எட்டாவது ஃபெயில்னு சொல்ல வெக்கமா இருக்கா?" அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அதோடு போனும் இல்லை.

என்ன செய்துகொண்டிருக்கிறேன். பதினொன்று நாற்பத்தி நாலு. சண்டையை நினைக்கிற நேரமா. பெஞ்சு மேலே ஹால் டிக்கெட் கிடக்கிறது, என் போட்டோ, பிறந்த தேதி, போட்டோவில் பாண்டிக்கு அம்மா மாதிரி இருக்கிறேன். டாக்டரம்மாகூட ஏமாந்துபோனார்கள். பாண்டி ஒரு தடவை என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள், டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சீனி, உனக்கும் தங்கச்சிக்கும் ரொம்ப வித்தியாசமோ?" என்று கேட்டார்கள். "இல்ல மேடம், அவளைவிட எனக்கு நாலு வயசு அதிகம், அவ்வளவுதான்." "அப்ப அவங்களுக்கு முப்பத்தஞ்சா?" "ஆமா மேடம்." பேச்சு அதோடு முடிந்தது, அவர்கள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள்.

முப்பத்தைந்து. அவர்கள் எப்படி முப்பத்தைந்து என்றார்கள். எனக்கு முப்பத்தொன்பது என்று அவர்களுக்குத் தெரியும். நாலு அதிகம் என்று நானே சொன்னேன். அதிகம் என்று நானே என் வாயால் சொன்னேன், அவர்கள் கூட்டவில்லை. கூட்டியிருந்தால் பாண்டிக்கு நாற்பத்து மூன்று, என்னைவிட மூத்தவள் ஆகியிருப்பாள். யாரும் கூட்டமாட்டார்கள். அதிகம் எனக்கு, அவளுக்குக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். இரு. மெதுவாக. ஓடாதே. சீனித்தாய்க்குப் பாண்டீஸ்வரியை விட நாலு வயசு அதிகம், பாண்டீஸ்வரிக்கு என்ன வயசு. நத்தம்பட்டியில் மருதூரை விட முப்பது அதிகம், மருதூரில் எத்தனை. சீனித்தாய் இருந்த இடத்தில் நத்தம்பட்டி. பாண்டி இருந்த இடத்தில் மருதூர். அப்படியானால் நத்தம்பட்டிதான் மூத்தது. மருதூர் குட்டை. தொண்ணூறில் முப்பது போனால் அறுபது. அறுபது என்றால் மூன்று கட்டம், இதுவும் மிச்சமில்லாமல்தான் வருகிறது, இரண்டும் அழகாக வந்து நிற்கிறது, அழகை நம்ப முடியாது. சோதித்துப் பார். மருதூர் அறுபது, அதைவிட முப்பது அதிகம் தொண்ணூறு, நத்தம்பட்டியின் பட்டை படத்தில் தொண்ணூறில்தான் நிற்கிறது. சரி. இப்போது அந்த நூற்றிருபதைச் சோதி. மருதூர் நூற்றிருபது, அதைவிட முப்பது அதிகம் நூற்றைம்பது, நத்தம்பட்டி ஏழரைக் கட்டம் நிற்க வேண்டும், வேப்பங்குளத்தையே தாண்டி. நிற்கவில்லை. நாலரையில்தான் நிற்கிறது. அச்சில் இருக்கிறது, நான் போட்டது இல்லை.

சார் தப்பாகச் சொல்லியிருக்கிறார். இதை நினைத்ததும் காது சூடாகிறது. வாத்தியார் ஒருவர் சொன்னது தப்பு என்று நான் இதுவரை நினைத்ததே இல்லை. மகள் சொன்னதும் தப்பு, இல்லை, அது பாதி சரி, எங்கே சரி எங்கே தப்பு என்று அவளிடம் சாயங்காலம் சொல்ல வேண்டும். அவர் படித்தவர், நான் அஞ்சாவது. அவர் சரியாக இருந்து நான் தப்பாக இருந்தால்? முப்பத்து மூன்று. போச்சு. கையில் கொடுத்த விடையைத் தள்ளிவிட்டு ஃபெயிலாகிறவளை என்னவென்று சொல்வார்கள். ஆனால் அவர் அதிகம் என்ற ஒரு சொல்லைத்தான் பார்த்தார், நின்று படிக்க அவருக்கு நேரம் இல்லை. நான் இருபது நிமிஷமாக இதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். மறுபடி சோதித்தேன். அறுபது. மறுபடி. அறுபது. விடை: அறுபது மரக்கன்றுகள் என்று எழுதினேன், எழுத்து கொஞ்சம் கோணல். ஸ்கேலைப் பிடித்து மருதூருக்கு மேலே மூன்று கட்டம் எண்ணி, இடதுபக்கம் ஒரு கோடு, வலதுபக்கம் ஒரு கோடு, மேலே மூடி, உள்ளே பென்சிலால் நிரப்ப ஆரம்பித்தேன். நிரப்ப நிரப்ப நத்தம்பட்டிக்குப் பக்கத்தில் அது தங்கச்சி மாதிரி நிற்கிறது. எனக்குத்தான்க்கா கஷ்டமா இருக்கும் என்றாளே பாண்டி. கஷ்டம் யாருக்கு அதிகம் என்று அன்றைக்கும் நான் பார்க்கவில்லை போல. அவள் வெட்கத்தைச் சொல்லவில்லை. அவள் படிக்கிறதற்காக நான் படிப்பை விட்டு நின்றேன் என்று முப்பது வருஷமாக அவள்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் அந்தக் கடன் அவள் பக்கத்தில் ஏறுகிறது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனது அதனால்தானோ. இன்றைக்கு நான் கூப்பிட வேண்டும். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூலையில் கொஞ்சம் வெள்ளை விட்டுப்போயிற்று, அதையும் நிரப்பு.

"நான் சொன்னேனேம்மா," என்று தலைக்கு மேலே குரல். சார் திரும்பி வந்துவிட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான். "ஆறு கட்டம்மா. நீங்க மூணு போட்டிருக்கீங்க. நேரம் இருக்கு, அழிச்சிட்டுப் போடுங்க." லாரிக்காரர் திரும்பிப் பார்த்தார். கை தானாக ரப்பரிடம் போகிறது, முப்பது வருஷத்துக் கை, சார் சொன்னால் போகிற கை. ரப்பரைத் தொட்டேன். தொட்டுவிட்டு, அதைப் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

"இல்ல சார். மூணுதான்."

"அதிகம்னு இருக்கேம்மா."

"அதிகம் நத்தம்பட்டிக்குத்தான சார். மருதூர் கொறச்சல்." இவ்வளவு சத்தமாக வரும் என்று நினைக்கவில்லை, கடைசி வரிசையில்கூடத் தலைகள் நிமிர்ந்தன. அவர் என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து வினாத்தாளைக் கையில் எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். உதடு அசைந்தது. நத்தம்பட்டியில், மருதூரில், விட, முப்பது. ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து. இரண்டாவது தடவை முடித்தபோது முகம் சிவந்திருந்தது. வினாத்தாளை என் முன்னால் வைத்து, அதன் ஓரத்தை விரலால் ஒருமுறை நீவிவிட்டார். நேராக முன்னால் போய்க் கரும்பலகை அருகில் நின்றார். புகார் எழுதப்போகிறாரோ, தாளை வாங்கிவிடுவாரோ. அவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேளுங்க. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. கடைசிக் கணக்கு மூணாவது பிரிவை அவசரப்படாம இன்னொரு தடவை வாசிங்க. எது அதிகம்னு சொல்லியிருக்கான், எதைக் கேட்டிருக்கான்னு பாத்து எழுதுங்க. யாரு என்ன சொல்லியிருந்தாலும் சரி, நான் சொல்லியிருந்தாலும் சரி, நீங்களே வாசிச்சுப் பாருங்க."

பிறகு முன் பெஞ்சில் லாரிக்காரர் ரப்பரைத் தேய்க்க ஆரம்பித்தார், அவருக்குப் பக்கத்தில் ஒருவர், ஜன்னலோரம் ஒருவர், அங்கே ஒரு பெண், ஹால் முழுவதும் தேய்க்கிற சத்தம், காகிதம் படபடக்கிற சத்தம். இத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாரா. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார், என் பக்கம் திரும்பவில்லை. நான் விடைத்தாள்களையும் படத் தாளையும் வரிசையாக அடுக்கினேன், முதல் பக்கத்தில் என் பெயரும் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்தேன், மூலையில் இருந்த ஓட்டையில் வெள்ளை நூலைக் கோத்தேன். நூலின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து ஒரு முடிச்சு போட்டேன், அது போதும், ஆனாலும் இன்னொன்று போட்டு இறுக்கினேன்.